உலக சூப்பர்கிராஸ்: ரைடர் கிடைக்கும் மாதத்தில் மைதானம் இல்லை, மைதானம் கிடைக்கும் மாதத்தில் ரைடர் இல்லை

#1 புழுதிப்பிரியன்

டபிள்யுஎஸ்எக்ஸ் என்கிற உலக சூப்பர்கிராஸ் தொடரைப் பற்றி ரேஸ் முடிவுகள் இழைக்குள்ளேயே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேச்சு ஓடுகிறது. தனியாகவே பேசுவோம் என்று இதைத் திறக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ஸ்டேடியத்துக்குள் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, மேடும் பள்ளமும் கட்டி, அதில் 450சிசி, 250சிசி பைக்குகளை ஓட்டுவது சூப்பர்கிராஸ். அமெரிக்காவில் ஏஎம்ஏ (அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம்) தொடர் 1974 முதல் நடக்கிறது. 2008 முதல் 2021 வரை அந்த அமெரிக்கத் தொடரே சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் உலக சாம்பியன்ஷிப்பாகவும் இருந்தது. கனடாவில் சில வருடங்கள் நடந்த சுற்றுகளைத் தவிர மற்ற எல்லாம் அமெரிக்க மண்ணில்தான். 2021 சீசனோடு அந்தத் தொடரை நடத்தும் ஃபெல்ட் நிறுவனமும் எஃப்ஐஎம்மும் பிரிந்துவிட்டார்கள். உலக சாம்பியன்ஷிப் உரிமை ஆஸ்திரேலியாவின் எஸ்எக்ஸ் குளோபலுக்குப் போனது. அபுதாபியின் முதலீட்டு நிறுவனம் முபாதலா கேபிடல் பணம் போட்டது.

ஆரம்பம் அமர்க்களம்தான். பத்து அணிகள், ஒவ்வொன்றுக்கும் உரிமம், அணிக்கு நான்கு ரைடர்கள், சுற்றுக்கு 2,50,000 டாலர் பரிசு. ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2022இல் கார்டிஃப், மெல்பர்ன் என்று இரண்டே சுற்று. 2023க்கு ஆறு சுற்று அறிவித்தார்கள். பர்மிங்காம், அபுதாபி, மெல்பர்ன் மட்டும் நடந்தன. அதிலும் அபுதாபி முதல் அறிவிப்பில் இல்லாத ஊர். 2024இல் வான்கூவர், பெர்த், அபுதாபி.

பணம் போதவில்லை, விளம்பரம் போதவில்லை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என் கட்சி வேறு. இது தேதிப் பிரச்சினை. அமெரிக்க ரைடருக்கு ஜனவரி முதல் மே வரை சூப்பர்கிராஸ் 17 சுற்று, மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வெளிப்புற மோட்டோகிராஸ், 2023 முதல் செப்டம்பரில் எஸ்எம்எக்ஸ் பிளேஆஃப் (இரண்டு சீசனையும் சேர்த்து முன்னணியில் வந்தவர்களுக்கான இறுதிச் சுற்றுகள்) வேறு. ஓய்வு என்று மிஞ்சுவது அக்டோபர், நவம்பர், டிசம்பர். அந்த மூன்று மாதத்தில் ஐரோப்பாவில் எந்தப் பெரிய ஸ்டேடியம் சும்மா கிடக்கிறது? எல்லாவற்றிலும் கால்பந்து. புல்தரையின் மேல் மண் கொட்ட எந்த கிளப் சம்மதிக்கும்?

ஜூலையில் மைதானம் காலியாக இருக்கும். 2023இல் பர்மிங்காமின் வில்லா பார்க் கால்பந்து மைதானம் ஜூலை 1ஆம் தேதி கிடைத்தது அப்படித்தான். ஆனால் அப்போது அமெரிக்காவின் முன்னணி ரைடர்களில் பாதிப்பேர் வெளிப்புற சீசனின் நடுவில் இருப்பார்கள்.

இதற்கு வழி உண்டா? சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

தேதிப் பிரச்சினை உண்மைதான். ஆனால் அதையே முழுக் காரணமாக்குவது போட்டியை நடத்தும் ப்ரோமோட்டருக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி இருக்கிறது.

ஒரு சுற்று நடத்த என்னென்ன செலவு என்று யோசியுங்கள். ஸ்டேடியம் வாடகை ஓர் இரவுக்கு இல்லை. மண் கொட்ட, ட்ராக் கட்ட, ரேஸ் முடிந்து அள்ள, தரையைப் பழையபடி ஒப்படைக்க என்று ஒரு வாரத்துக்குப் பக்கம் போய்விடும். பத்து அணிகளின் பைக், உதிரிபாகம், மெக்கானிக் எல்லாம் விமானத்தில் வரவேண்டும். அதற்கு மேல் பரிசுப் பணம், நட்சத்திர ரைடருக்குத் தனியாக ஒரு தொகை, நேரலை. இதில் டிக்கெட் வருமானம் எவ்வளவு திரும்பி வரும்?

அமெரிக்காவில் ஃபெல்டுக்கு இது ஏன் கட்டுப்படியாகிறது தெரியுமா? அவர்கள் மான்ஸ்டர் ட்ரக் ஷோவும் நடத்துகிறார்கள். அதே ஸ்டேடியம், பல ஊர்களில் அதே மண், ஓரிரு வார இடைவெளியில் இரண்டு நிகழ்ச்சி. மண்ணை வருடா வருடம் சேமித்தும் வைத்துக்கொள்கிறார்கள். புதிதாக ஓர் ஊருக்குப் போகிறவர் முதல் லாரி மண்ணிலிருந்து தொடங்க வேண்டும். அவர் ஆறு ஊர் என்று அறிவித்தால் நான் மூன்று என்றுதான் எழுதி வைத்துக்கொள்வேன்.

#3 மெல்பர்ன்வாசி

நான் மெல்பர்ன் மார்வெல் ஸ்டேடியத்தில் நேரில் பார்த்தவன், அதனால் கொஞ்சம் எதிர்ப்பாட்டு.

முதலில், இது திடீரென்று முளைத்த கம்பெனி இல்லை. எஸ்எக்ஸ் குளோபலைத் தொடங்கிய ஆடம் பெய்லியும் ரயன் சாண்டர்சனும் 2015 முதல் இங்கே ஆஸ்-எக்ஸ் ஓப்பன் என்ற சூப்பர்கிராஸ் போட்டியை நடத்தியவர்கள். முதலில் சிட்னி, 2019இல் மெல்பர்ன். ஒரே ஊரில் வருடத்துக்கு ஒரு பெரிய இரவு நடத்தும் வித்தை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

புழுதிப்பிரியன் சொன்ன மைதானக் கணக்குக்கு எங்கள் ஊரே சாட்சி. ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக் செப்டம்பர் கடைசியில் முடிந்துவிடும். அதன்பின் மார்வெல் ஸ்டேடியம் ஓரளவு காலி, கூரையையும் மூடலாம். டபிள்யுஎஸ்எக்ஸ் வருடம் தவறாமல் வந்த ஒரே நாடு ஆஸ்திரேலியா என்பதற்கு இது பெரிய காரணம். அபுதாபியில் புல்லே இல்லாத உள்ளரங்கம். கார்டிஃப் ரக்பி மைதானம், நவம்பரில் சர்வதேச ஆட்டங்கள் தொடங்கும் முன்னால் அக்டோபர் 8இல் புகுந்து வெளியே வந்துவிட்டார்கள்.

இரண்டாவது, ரேஸ் வடிவம். அமெரிக்காவில் 450 வகுப்புக்கு வழக்கமாக ஒரே மெயின் (இறுதி ரேஸ்), 20 நிமிடமும் ஒரு லேப்பும். ஸ்டார்ட் சொதப்பினால் அந்த இரவே போச்சு. டபிள்யுஎஸ்எக்ஸில் குறுகிய ஃபைனல் மூன்று. ஸ்டார்ட் கேட் மூன்று முறை விழும், முதல் வளைவு நெரிசல் மூன்று முறை. டிவியில் இதன் ருசி பாதிதான் தெரியும்.

#4 ஒசூர் கியர்

தேதி, மண், வாடகை எல்லாம் சரி. பைக் கம்பெனிகளின் சொந்த அணிகளான ஃபேக்டரி டீம்களை யாரும் தொடவில்லையே?

2022 கென் ரோக்ஸன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடம் ஹோண்டாவின் ஃபேக்டரி டீமான எச்ஆர்சியில் இருந்தவர். 2017இல் அனாஹைமில் விழுந்து இடது கை நொறுங்கி, அறுவை மேல் அறுவை செய்து திரும்பி வந்தவர். அவர் டபிள்யுஎஸ்எக்ஸ் ஓட்டியே தீருவேன் என்றார். ஹோண்டாவின் அடுத்த வருட ஒப்பந்தத்தோடு அது ஒத்துப்போகவில்லை. கடைசியில் டபிள்யுஎஸ்எக்ஸில் ஒரு தனியார் ஹோண்டா அணிக்கு ஓட்டி 2022 பட்டத்தை ஜெயித்தார், எச்ஆர்சியை விட்டு சுஸுகிக்குப் போய்விட்டார். 2023 மார்ச்சில் அதே சுஸுகியில் இண்டியானாபோலிஸ் ஏஎம்ஏ சுற்றையும் ஜெயித்தார், அது வேறு விஷயம்.

ஃபேக்டரிக்காரன் பக்கம் நின்று யோசித்தால் அவன் பயமும் நியாயமானதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் புது பைக்கின் சஸ்பென்ஷனை ரைடருக்கு ஏற்ப உட்கார வைப்பார்கள், ஜனவரிக்கான உடல் பயிற்சியும் அப்போதுதான். அந்த நேரத்தில் லட்சம் லட்சமாகச் சம்பளம் வாங்கும் ரைடர் வேறொரு கண்டத்தில் வூப்ஸில் விழுந்து காலர்போனை உடைத்துக்கொண்டால்? நாங்கள் வேலை பார்க்கும் இடத்தில் டெஸ்ட் ரைடரை வார இறுதி டர்ட் ரேஸுக்குக் கூட அவ்வளவு சுலபமாக விடமாட்டார்கள்.

எஸ்எம்எக்ஸையும் சும்மா எடைபோடாதீர்கள். 2023இல் ஒரு கோடி டாலர் மொத்தப் பரிசு என்று அறிவித்து சீசனைச் செப்டம்பர் வரை இழுத்தார்கள். அதற்குள் உலக சாம்பியன்ஷிப் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். போட்டியாளர் வந்த அடுத்த வருடமே இது நடந்தது தற்செயல் என்று யாராவது நம்பினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

#5 சைலன்சர் சண்முகம்

ஆக இரண்டு உலக சாம்பியன். WWE மாதிரி பெல்ட்டைச் சேர்த்து வைத்து ஒரு மேட்ச் போட்டுவிடலாம்.

#6 மண்வெட்டி

சிவில் ஆள். மண் பற்றி யாரும் ஒழுங்காகப் பேசாததால் நான் உள்ளே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஸ்டேடியம் ட்ராக் ஒன்றுக்கு ஏறக்குறைய 500 லாரி மண். முதலில் தரையில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் பிளைவுட், அதற்கு மேல்தான் மண். மண் என்றால் ஏதோ ஒரு மண் இல்லை. களி அதிகமாக இருந்தால் தண்ணீர் பட்டதும் சக்கரத்தில் அப்பிக்கொண்டு பைக்கின் எடையைக் கூட்டும், வளைவில் ஆழமாகப் பள்ளம் விழும். மணல் அதிகமாக இருந்தால் ஜம்ப்பின் முகப்பே நிற்காது, நாலு லேப்பில் சரிந்துவிடும். ட்ரிபிள் ஜம்ப் என்றால் எழுபது அடியைப் பறந்து கடப்பது. ஏறும் முகப்பு ஒரு பக்கம் அரை அடி கரைந்தாலே பைக் கோணலாகக் கிளம்பும். ஈரம் அதிகமானால் சுண்ணாம்பு கலந்து இறுக்குவார்கள், மழை என்றால் ட்ராக் முழுக்க பிளாஸ்டிக் போர்த்துவார்கள்.

இப்போது இதைப் புதிய நாட்டில் செய்யுங்கள். உள்ளூரில் தகுந்த மண் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டும். தோண்ட அனுமதி வேண்டும். ஸ்டேடியம் நகர நடுவில் இருந்தால் டிப்பர் இரவில் மட்டும்தான் போக முடியும். அதற்குப் பின் முக்கியமான ஆள் ஒருவர்: டோசர் ஓட்டுபவர். ட்ராக் கட்டத் தெரிந்த டோசர் ஆபரேட்டர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? வூப்ஸ் வரிசையை ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் அமைப்பது ரோடு போடுவதை விடச் சிரமம். அவர்களையும் விமானத்தில்தான் அழைத்து வருகிறார்கள். கணக்குப்பிள்ளை பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#7 புதுக்கிளட்ச்

அண்ணே, வூப்ஸ் என்றால் என்ன? யூடியூபில் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன், திட்டாதீர்கள்.

#8 புழுதிப்பிரியன்

தம்பி, திட்டுவதற்கு என்ன இருக்கிறது. வரிசையாக, நெருக்கமாக, மூன்றடி உயரத்தை ஒட்டிய மண் மேடுகள். தனித்தனியாகத் தாண்ட முடியாது, இடைவெளி குறைவு. வேகத்தோடு நுழைந்து மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். வேகம் குறைந்தால் முன்சக்கரம் பள்ளத்தில் விழும், விழுந்தால் ரைடர் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். பின்சக்கரம் இரண்டு பக்கமும் ஆடும்போது பைக்கை விட்டுவிடாமல் முழங்காலால் கவ்விப் பிடிப்பதுதான் அங்கே திறமை. பெரிய ஜம்ப்பில் கூட்டம் கத்தும். லேப் டைம் பிரிவது பெரும்பாலும் வூப்ஸில்.

நேரலை பார்ப்பதானால்: மெல்பர்ன் இரவு ரேஸ் நமக்கு மதியம் ஒன்றரைக்கு, அபுதாபி இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் நமக்கு ஒன்பதரை. வான்கூவர் மறுநாள் காலை ஏழரை. கார்டிஃப் மட்டும் நடுராத்திரி.

மண்வெட்டி சார், அந்த டோசர் ஆபரேட்டர் விஷயம் நான் யோசிக்காத கோணம். நன்றி.

#9 யாழ் ரைடர்

வணக்கம். நான் இலங்கையில் இருந்து எழுதுகிறேன். உங்கள் இழையில் செலவையும் தேதியையும் கதைக்கிறீர்கள். எங்கள் பக்கம் முதலில் வரும் கேள்வி பாதுகாப்பு.

எங்கள் நாட்டில் இராணுவம் நடத்தும் சுப்பர்குரோஸ் போட்டிகளுக்குப் பெரிய சனம் வரும். அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா, தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் என்று பல இருக்கின்றன. இவை ஸ்டேடியத்துக்குள் இல்லை, திறந்தவெளி மண் பாதைகள், காரும் மோட்டார் சைக்கிளும் ஒரே பாதையில் வெவ்வேறு நேரம் ஓடும். 2024 ஏப்ரல் 21இல் பொக்ஸ் ஹில்லில் ஒரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள், ஒரு சிறுமியும் அதில் அடக்கம். சில வருட இடைவெளிக்குப் பிறகு நடந்த போட்டி அது.

அதனால் யாராவது புதிய சர்வதேசத் தொடர் தொடங்குகிறோம் என்றால் நான் பரிசுத் தொகையைப் பார்ப்பதில்லை. பார்வையாளர் எங்கே நிற்கிறார், பாதையோரம் கொடி காட்டும் மார்ஷல் எங்கே நிற்கிறார், மருத்துவ வாகனம் எந்த வாசலால் உள்ளே வரும், இதைத்தான் கேட்பேன். ஸ்டேடியம் சுப்பர்குரோஸில் ஒரு நன்மை இருக்கிறது: பார்வையாளர் உயரத்தில் இருக்கிறார், நடுவில் சுவர் இருக்கிறது. ஆபத்து முழுக்க ரைடருக்கும் மார்ஷலுக்கும்தான். அந்த மார்ஷலுக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள்? உலகத் தொடர் ஒரு ஊருக்கு வந்து ஒரே இரவில் திரும்பிப் போனால் அந்தப் பயிற்சியாவது அந்த ஊரில் தங்குமா?

#10 கொடிக்காரர்

யாழ் ரைடர் தம்பி, சரியான இடத்தைத் தொட்டீர்கள். நான் தேசிய அளவிலான டர்ட் போட்டிகளில் கொடி பிடித்தவன்.

ஜம்ப்புக்குப் பின்னால் ஒருவர் விழுந்து கிடப்பது, பறந்து வருகிற அடுத்த ரைடருக்குத் தெரியாது. மஞ்சள் கொடி ஒன்றுதான் அவருக்குத் தகவல். கொடி இரண்டு விநாடி தாமதித்தால் கிடப்பவர் மேல் இன்னொரு நூறு கிலோ பைக் இறங்கும். ஒரு முறை ஏற்பாட்டாளர்கள் காலை ஆறு மணிக்குக் கல்லூரிப் பையன்களைக் கூட்டி வந்து கையில் கொடியைக் கொடுத்து, பத்து நிமிடப் பேச்சோடு ட்ராக்குக்குள் விட்டார்கள். அதிர்ஷ்டத்தில் அன்று ஒன்றும் நடக்கவில்லை. அமைப்பின் பெயர் வேண்டாம்.

ஃபோம் தடுப்பு, மெடிக்கல் வேன் எல்லாம் பணம் கொடுத்தால் வந்துவிடும். ட்ராக் தெரிந்த மார்ஷல் வர வருடக்கணக்கில் உள்ளூர் ரேஸ் நடந்திருக்க வேண்டும்.

#11 பழைய பேப்பர்

எல்லாரும் இதைப் புது விஷயமாகவே பேசுகிறீர்கள். உலக சூப்பர்கிராஸ் ஜிபி என்று ஒன்று ஏற்கெனவே தொடங்கியது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 2003 சீசனின் முதல் சுற்றுகள் 2002 டிசம்பரிலேயே ஜெனீவாவிலும் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமிலும் நடந்தன. சாட் ரீட் பட்டம் வாங்கினார். சில வருடத்தில் ஐரோப்பா நழுவி, கனடா மட்டும் மிஞ்சி, கடைசியில் மொத்தமும் அமெரிக்கத் தொடருக்குள் கரைந்துவிட்டது. இருபது வருடம் கழித்து அதே மாதங்கள், அதே கண்டங்கள், அதே நம்பிக்கை.

இன்னொன்றையும் பாருங்கள். பாரிஸில் பெர்சி அரங்கத்தில் 1984இல் ஒரு சூப்பர்கிராஸ் தொடங்கினார்கள். இடம் மாறி, லீல் நகரத்துக்குப் போய், 2017இல் லா டிஃபான்ஸ் அரங்கத்துக்கு வந்து இன்னும் நடக்கிறது. ஜெனீவாவிலும் பல பத்தாண்டாக ஒன்று நடக்கிறது. இரண்டுக்கும் சாம்பியன்ஷிப் புள்ளி எதுவும் கிடையாது. அமெரிக்க நட்சத்திரங்கள் சிலர் வருவார்கள், பிரெஞ்சுப் பையன் ஒருவன் அவர்களை முந்துவான், கூரை பறக்கும். ரசிகர் அதற்குத்தான் டிக்கெட் வாங்குகிறார்.

கச்சேரிக்கு வெளியூர் வித்வானை அழைப்பது சரி, பக்கவாத்தியமும் தம்பூராவும் கூட வெளியூரிலிருந்தே வந்தால் அந்த ஊரில் சங்கீதம் எப்படி வளரும்? டபிள்யுஎஸ்எக்ஸ் 2023இல் எஸ்எக்ஸ்2 (250சிசி வகுப்பு) பட்டத்தை பிரிட்டன்காரர் மேக்ஸ் ஆன்ஸ்டி வாங்கினார். அவரை வைத்து அடுத்த வருடமே பிரிட்டனில் ஒரு சுற்று நடத்தியிருக்க வேண்டாமா? 2024 அட்டவணையில் பிரிட்டன் இல்லை. எனக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். தேதி கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், இருந்தாலும்.

#12 கணக்குப்பிள்ளை

பழைய பேப்பர் சாருக்கு ஒரு கும்பிடு. பாரிஸ் கணக்கு எளிது: ஒரே ஊர், ஒரே மண், ஒரே ஏற்பாட்டுக் குழு, பல வருட ரசிகர். நஷ்டம் வந்தால் அடுத்த வருடம் இரண்டு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்வார். சாம்பியன்ஷிப் என்று அறிவித்த பின் அப்படிக் குறைக்க முடியாது. பத்து அணிக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. ஒரு சுற்று ரத்தானால் அந்த அணிகளின் ஸ்பான்சர் எல்லாரும் வக்கீலைக் கூப்பிடுவார்கள்.

#13 சைலன்சர் சண்முகம்

வரலாறு பேசுவதென்றால் முழுசாகப் பேசுங்கள். 1972இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில் முதல் ஸ்டேடியம் மோட்டோகிராஸ் நடத்தியவர் மைக் குட்வின். ஜெயித்தவர் மார்ட்டி ட்ரைப்ஸ், வயது 16. அதே குட்வின், தொழிலில் தன் கூட்டாளியாக இருந்து எதிரியான மிக்கி தாம்சனையும் அவர் மனைவியையும் 1988இல் ஆள் வைத்துக் கொன்ற வழக்கில் 2007இல் தண்டிக்கப்பட்டார். ப்ரோமோட்டர் சண்டை என்றால் அந்தக் காலத்தில் வேறு ரகம். இப்போது வெறும் தேதிச் சண்டை என்று சந்தோஷப்படுங்கள்.

#14 புனேத் தமிழன்

நம் நாட்டில் நடந்ததை யாரும் சொல்லவில்லையே. இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக், 2024 ஜனவரி 28, புனே பாலேவாடி. எனக்கு வீட்டிலிருந்து பக்கம், போயிருந்தேன்.

ஏலத்தில் ரைடர் எடுக்கும் லீக் வடிவம். 450சிசியிலும் 250சிசியிலும் வெளிநாட்டவர், 250சிசியில் இந்திய-ஆசிய ரைடர்களுக்குத் தனி வகுப்பு, அப்புறம் 85சிசி சிறுவர் வகுப்பு. 2014இல் எம்எக்ஸ்2 (250சிசி மோட்டோகிராஸ்) உலக சாம்பியனான ஜோர்டி டிக்ஸியேயை நம் ஊர் மண்ணில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. பிறகு அகமதாபாத், பெங்களூரு. முதல் பட்டம் சி. எஸ். சந்தோஷின் பிக்ராக் அணிக்கு.

கூட்டம் நன்றாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் பலருக்கு ரைடர் பெயர் ஒன்றுகூடத் தெரியாது, ஆனாலும் முதல் ட்ரிபிளுக்கு எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்குத் தோன்றியது: ரசிகரை உருவாக்குவது கஷ்டமே இல்லை. அடுத்த முறை எப்போது என்று அவருக்குச் சொல்வதுதான் கஷ்டம். இரண்டாம் சீசன் 2025 கடைசிக்குத் தள்ளிப்போனது. ஒன்றரை வருடத்துக்கு மேல் இடைவெளி! என்னோடு வந்த நண்பனுக்கு ஹைதராபாத், கோழிக்கோடு என்று சொன்னபோது "இன்னும் நடக்கிறதா அது?" என்றான்.

#15 ஒசூர் கியர்

புனே நண்பரே, எனக்கு அந்த லீக்கில் பிடித்தது 85சிசி வகுப்பு ஒன்றுதான். வெளிநாட்டவர் வந்து ஓட்டிவிட்டுப் போவதால் நமக்கு என்ன மிச்சம்? பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பையன் ஸ்டேடியம் ட்ராக்கில் ஓட்டினால் அதுதான் மிச்சம்.

ஆனால் அதிலும் பணம் வந்து நிற்கிறது. கவாசாகி கேஎக்ஸ்250 இங்கே எட்டு லட்சத்தை ஒட்டி. ரோட்டில் ஓட்ட முடியாது, பதிவு கிடையாது. என்ஜினை மணிக்கணக்குப் பார்த்துப் பிரித்துப் பிஸ்டன் மாற்ற வேண்டும். பழகுவதற்கு ஒழுங்கான ட்ராக் கோலார் பக்கம் பிக்ராக் மாதிரி விரல் விட்டு எண்ணலாம். நம் தேசிய சாம்பியன்ஷிப்பில் ஜெயித்த ஹரித் நோவா 2024 டாக்கர் ரேலியில் இரண்டாம் நிலையான ரேலி2 வகுப்பையே வென்றார். ஷொரணூர்ப் பையன். திறமை இல்லை என்று சொல்லவே முடியாது. ஆனால் அவர் போனது ரேலிக்கு, ஏனென்றால் அங்கே ஒரு தொழிற்சாலை அணி இருந்தது. சூப்பர்கிராஸில் நம் ரைடருக்கு அந்த மாதிரி ஒரு நாற்காலி எங்கே?

#16 புனேத் தமிழன்

அதற்காக வெளிநாட்டவரே வேண்டாம் என்கிறீர்களா? அவர்கள் பக்கத்தில் ஓட்டினால்தானே நம் ரைடருக்குத் தன் லேப் டைம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். டிரைவர்ஸ் மீட்டிங்கில் அவர்கள் கேட்கும் கேள்வியே ஒரு பாடம் என்று உள்ளே இருந்தவர்கள் சொன்னார்கள்.

#17 ஒசூர் கியர்

வேண்டாம் என்று சொல்லவில்லை. தனி வகுப்பில் ஓட்டினால் பக்கத்தில் ஓட்டுவது எப்படி? அதைத்தான் கேட்கிறேன்.

#18 புதுக்கிளட்ச்

டபிள்யுஎஸ்எக்ஸ் சென்னைக்கு வருமா? தீவுத்திடல் பக்கம் கார் ரேஸ் நடந்ததே.

#19 புழுதிப்பிரியன்

தம்பி, ரைடர்கள் காலியாக இருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் நம் வடகிழக்குப் பருவமழை. அந்த ஸ்ட்ரீட் ரேஸே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் கடைசியில்தான் நடந்தது. திறந்த ஸ்டேடியத்தில் மண்ணைக் கொட்டி வைத்து நவம்பர் மழையைப் பிடித்தால் மண்வெட்டி சார் நாற்று நடலாம் என்பார். நேரு ஸ்டேடியம் கேட்டால் சென்னையின் எஃப்சி கால்பந்து சீசன் வழக்கமாக நடுவில் இருக்கும். கூரை போட்ட பெரிய அரங்கம் வந்தால் பேசலாம்.

ஸ்ட்ரீட் ரேஸுக்கு அரசுப் பணம் போனது சரியா தவறா என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம்.

எல்லாருடைய பதிலையும் படித்த பின்பும் தேதிதான் தலை என்பதே என் பக்கம். கணக்குப்பிள்ளை சொல்லும் செலவு, ஒசூர் கியர் சொல்லும் ஃபேக்டரி பயம், இரண்டுமே அந்த மூன்று மாத இடுக்கில் மாட்டிக்கொண்டதால் வருகின்றன. தெற்கு அரைக்கோளத்துக்கு நகர்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழி. அங்கே அப்போது வசந்தமும் கோடையும். 2025 அட்டவணையில் புவெனஸ் ஐரிஸ், கோல்ட் கோஸ்ட், கேப்டவுன் வந்ததைப் பார்த்தால் அவர்களும் அந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள் என்று தெரிகிறது. ஆனால் பழைய பேப்பர் சார் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. 2024 பட்டத்தை அமெரிக்க நட்சத்திரம் ஈலை டோமாக் வாங்கினார், மகிழ்ச்சி. அவர் இல்லாத வருடத்தில் யாரைப் பார்க்க ஜனம் வரும்?

#20 மெல்பர்ன்வாசி

பெர்த்தில் ஆஸ்திரேலிய ரைடர் ஒருவர் ஹீட்டில் (ஃபைனலுக்கு முந்தைய ரேஸ்) முன்னால் போனபோது வந்த சத்தம் டோமாக்குக்கு வரவில்லை என்று அங்கே போன என் மச்சான் சொன்னான். அதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். தவிர, 2023க்கு அறிவித்துவிட்டு நடக்காத ஊர்களுக்கு டிக்கெட் வாங்கினவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? பணம் எவ்வளவு நாளில் திரும்ப வந்தது என்று தெரிந்தால் நல்லது. அடுத்த முறை ஹோட்டலை முன்கூட்டியே பதிவு செய்யலாமா என்று முடிவு செய்ய உதவும்.

#21 அபுதாபி அம்மா

எங்களுக்கு ரத்து அனுபவம் இல்லை, எதிஹாத் அரீனாவில் சொன்ன தேதியில் நடந்தது. உள்ளரங்கம் சின்னது, சுற்று குறுகியது, பைக்குகள் நெருக்கி அடித்துக்கொண்டு வரும். ஆனால் குளுகுளு ஏசி, பார்க்கிங் சுலபம். என் பையனுக்கு ஏழு வயசு. கீழ் வரிசை டிக்கெட் வாங்கினோம், பக்கத்தில் வரும்போது மட்டும் பைக் தெரியும், மற்ற நேரம் மேடுதான் தெரிந்தது. அடுத்த முறை எங்கே உட்காருவது நல்லது?

#22 மெல்பர்ன்வாசி

அக்கா, மேல் அடுக்குக்குப் போங்கள், விலையும் குறைவு. ஸ்டார்ட் கேட்டிலிருந்து முதல் வளைவு வரைக்கும் தெரிகிற பக்கமாகப் பார்த்து எடுங்கள், வூப்ஸும் அதே பக்கம் வந்தால் இன்னும் நல்லது. ட்ராக் வரைபடம் ரேஸுக்கு முன்பே இணையத்தில் வரும், அதைப் பார்த்துவிட்டு வாங்கலாம். பையனுக்குக் காதை மூடும் ஹெட்ஃபோன் கட்டாயம், பஞ்சு போதாது. கேட் விழும்போது இருபது பைக்கும் ஒரே நேரத்தில் முறுக்குவார்கள், மூடின அரங்கத்தில் அந்தச் சத்தம் பெரியவர்களுக்கே தாங்காது.